ஏற்கெனவே உள்ள பெயர்

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி வந்திருந்தாள். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "தாத்தா, நீங்க ஆபீஸ்ல ஜாவால எழுதியிருக்கீங்கதானே? ஒரு கட்டத்துல பேரு அடிக்கணும். அந்தப் பேரு லிஸ்ட்ல ஏற்கெனவே இருந்தா வாங்கக்கூடாது. எப்படிப் பண்றது?" என்று கேட்டாள்.

பதில் நாலு வரியில் முடிந்துவிடும். சொல்லியும் கொடுத்தேன். அவள் ஊருக்குப் போன பிறகுதான், அந்த நாலு வரியை நான் முதன்முதலில் எழுதியபோது என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டோமே என்று தோன்றியது. அதை இங்கே எழுதி வைக்கிறேன். கம்ப்யூட்டர் தெரியாத நண்பர்களும் தைரியமாகப் படிக்கலாம். இதில் கணக்கு எதுவும் கிடையாது, பெயர்கள்தான்.

முதலில் ஜாவாவின் சொந்தப் பெயர்க் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1991-ல் அமெரிக்காவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியில் 'கிரீன்' என்ற பெயரில் ஒரு சின்னக் குழு வேலை செய்தது. டி.வி. போன்ற வீட்டுச் சாதனங்களுக்குள் கம்ப்யூட்டரைப் புகுத்துவது நோக்கம். அதற்காக ஜேம்ஸ் காஸ்லிங் என்பவர் ஒரு புதிய மொழியை உருவாக்கினார். அவருடைய அறை ஜன்னலுக்கு வெளியே ஓர் ஓக் மரம் நின்றது. மொழிக்கும் 'ஓக்' என்றே பெயர் வைத்துவிட்டார். வெளியிடும் நேரம் வந்தபோது டிரேட் மார்க் பதிவுகளைத் தேடிப் பார்த்தார்கள். ஓக் டெக்னாலஜி என்று ஒரு கம்பெனி ஏற்கெனவே இருந்தது. வேறு வழியில்லாமல் பெயரை மாற்றினார்கள். 1995 மே 23 அன்று உலகத்துக்கு அறிவித்தபோது அது 'ஜாவா' ஆகிவிட்டது. முதல் பதிப்பு 1996 ஜனவரியில் வந்தது.

அதாவது, "இந்தப் பெயர் ஏற்கெனவே உள்ளது" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட மொழி அது. அவர்கள் கண்ட வைத்தியம், பெயரையே மாற்றிக்கொள்வது.

இரண்டாவது வைத்தியம் சில வருடங்கள் கழித்து வந்தது. ஜாவாவின் முதல் பதிப்பிலேயே ஜன்னல், பட்டன், எழுத்துக் கட்டம் எல்லாம் வரைய ஒரு தொகுப்பு இருந்தது. ஏ.டபிள்யூ.டி. என்பார்கள். விண்டோஸில் ஓட்டினால் விண்டோஸின் பட்டனையும், மேக்கில் ஓட்டினால் மேக்கின் பட்டனையும் கடன் வாங்கிக் காட்டும். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒவ்வொரு மாதிரி தெரியும். இதற்கு மாற்றாக, எல்லாவற்றையும் தானே வரைந்துகொள்ளும் 'ஸ்விங்' என்ற புதிய தொகுப்பு 1998 டிசம்பரில் வந்த 1.2 பதிப்பில் சேர்ந்தது. புதிய பட்டனுக்கு என்ன பெயர் வைப்பது? 'பட்டன்' என்ற பெயரைப் பழைய பட்டன் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து 'ஜேபட்டன்' என்றார்கள். 'டெக்ஸ்ட்ஃபீல்டு' என்ற எழுத்துக் கட்டம் 'ஜேடெக்ஸ்ட்ஃபீல்டு' ஆனது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊர் இனிஷியல்தானே இது! ஒரு வகுப்பில் மூன்று முருகன் இருந்தால் எம். முருகன், எஸ். முருகன், கே. முருகன். இனிஷியலும் ஒன்றாகிவிட்டால் வாத்தியார் பெரிய எஸ். முருகன், சின்ன எஸ். முருகன் என்று பிரிப்பார்.

மூன்றாவது வைத்தியமும் அதே 1.2 பதிப்பில்தான். அதில் 'லிஸ்ட்' என்று ஒரு புதிய வசதி வந்தது. திரையில் பட்டியல் காட்டுவதற்கு ஏ.டபிள்யூ.டி.யில் ஏற்கெனவே ஒரு 'லிஸ்ட்' இருந்தது. இரண்டு தொகுப்புகளையும் ஒட்டுமொத்தமாக வரவழைத்துவிட்டு வெறுமனே 'லிஸ்ட்' என்று எழுதினால், "எந்த லிஸ்ட் என்று தெரியவில்லை" என்று புரோகிராம் நின்றுவிடும். இங்கே யாரும் பெயரை மாற்றவில்லை. முழு முகவரியோடு சொல் என்றார்கள். ஜாவாவில் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் 'பேக்கேஜ்' என்ற முகவரி உண்டு. உலகம் முழுவதும் எழுதுகிறவர்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க, அவரவர் இணைய முகவரியைத் திருப்பிப் போட்டு அந்த முகவரியை அமைத்துக்கொள்வது வழக்கம். ஊர், தெரு, வீடு என்று பெரியதிலிருந்து சின்னதற்கு வருவதைப் போல. தேதிக்கான 'டேட்' என்ற பெயரிலும் இப்படி இரண்டு இடங்களில் இரண்டு இருக்கின்றன. முகவரி வேறு வேறு என்பதால் சண்டை இல்லாமல் குடித்தனம் நடத்துகின்றன.

பெயரை மாற்று, இனிஷியல் சேர், முகவரி கேள். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி என் கதை.

2001-ல் நான் ஒரு நல நிதி அலுவலகத்தின் ஈ.டி.பி. பிரிவில் இருந்தேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். கட்டட வேலை, சுமை தூக்கும் வேலை செய்கிறவர்களை உறுப்பினராகப் பதிவு செய்து, கல்யாணம், பிள்ளைகள் படிப்பு, இறப்பு ஆகியவற்றுக்கு உதவித் தொகை கொடுப்பது வேலை. அதுவரை கறுப்புத் திரையில் ஃபாக்ஸ்புரோ ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக ஜாவாவில், ஸ்விங் வைத்து எழுதலாம் என்று முடிவானது. சூப்பரின்டென்டன்ட் என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். "ஒரே ஆள் ரெண்டு தரம் பதிஞ்சு ரெண்டு தரம் பணம் வாங்கிடக் கூடாது. ஆடிட்ல கேக்குறாங்க."

நான் அதை, ஒரே பெயர் இரண்டு தரம் வரக்கூடாது என்று புரிந்துகொண்டேன். என் தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

முதலில் எழுதியது வேலையே செய்யவில்லை. இரண்டு பெயர்களை ஒப்பிட நான் இரட்டைச் சமக்குறி போட்டிருந்தேன். ஜாவாவில் அது எழுத்துகளை ஒப்பிடாது. இரண்டும் நினைவகத்தில் ஒரே இடத்தில் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். சோதித்தபோது பெயர்களைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தேன். அப்படி எழுதும் ஒரே மாதிரிச் சொற்களை ஜாவா ஒரே இடத்தில்தான் வைக்கும். அதனால் சோதனையில் தேறிவிட்டது. கவுண்டரில் கிளார்க் கீபோர்டில் அடித்த பெயர் வேறு இடத்தில் உட்காருமே! எல்லாப் பெயரும் புதுப் பெயராகவே தெரிந்தது. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு 'ஈக்வல்ஸ்' என்று எழுத வேண்டும் என்று புரிந்தது. அதோடு முன்னும் பின்னும் உள்ள காலி இடங்களை வெட்டவும், ஆங்கிலப் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசத்தைப் பொருட்படுத்தாமல் இருக்கவும் சேர்த்தேன். அப்போது பெயர்களை ஆங்கிலத்தில்தான் அடித்தோம்.

அடுத்து, எப்போது சோதிப்பது என்ற கேள்வி. ஸ்விங் வந்த புதிதில் கட்டத்தை விட்டுக் கர்சர் வெளியேறிய பிறகு பார்த்து, தப்பென்றால் கர்சரைத் திரும்ப இழுத்து வரவேண்டும். இரண்டு கட்டங்களில் இப்படி எழுதினால் கர்சர் இரண்டுக்கும் நடுவில் பந்தாடப்படும். 2000-ல் வந்த 1.3 பதிப்பில் இதற்கென்றே 'இன்புட்வெரிஃபையர்' என்று ஒன்றைக் கொடுத்தார்கள். கர்சர் வெளியேறுவதற்கு முன்பே அது கூப்பிடப்படும். சரி என்றால் விடும். இல்லை என்றால் கர்சர் அந்தக் கட்டத்திலேயே நிற்கும். சினிமாத் தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவர் மாதிரி.

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. பெயர் கட்டத்துக்கு ஒன்றைப் பொருத்தினேன். முதல் நாள் "இந்தப் பெயர் ஏற்கெனவே உள்ளது" என்ற செய்தி ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை வந்தது. சரிபார்க்கும் இடத்திலேயே செய்திப் பெட்டியைத் திறந்தால், அந்தப் பெட்டி கர்சரைப் பிடுங்கும். உடனே மறுபடி சரிபார்ப்பு ஓடும். அதைத் திருத்தினேன். 'ரத்து' பட்டனை அழுத்தக்கூட விடாமல் கர்சர் சிக்கிக்கொண்டது. அந்தப் பட்டனுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கும் வழி 1.3-லேயே இருந்தது. நான் கையேட்டை முழுதாகப் படிக்கவில்லை. அதையும் ஒரு வழியாகச் சரி செய்து, எல்லாக் கவுண்டர்களுக்கும் கொடுத்தாயிற்று. சூப்பரின்டென்டன்டுக்கு மிகுந்த சந்தோஷம்.

மூன்றாம் மாதம் பட்டியலை அச்செடுத்தேன். பெயர்களுக்குப் பின்னால் புள்ளிகள். சிலவற்றுக்கு ஒரு புள்ளி, சிலவற்றுக்கு இரண்டு, ஒரு பெயருக்கு ஐந்து புள்ளி. கவுண்டருக்குப் போய்க் கிளார்க்கிடம் கோபமாகக் கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "சார், உங்க புரோகிராம் விடமாட்டேங்குது. வெளியில கூட்டம் நிக்குது. ஒரு புள்ளி வச்சா விடுது."

அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. என் புரோகிராமை ஏமாற்றுகிறார்களே என்றுதான் தோன்றியது. ஒப்பிடும் முன் புள்ளி, கோடு, நடுவில் உள்ள காலி இடம் எல்லாவற்றையும் நீக்கும்படி மாற்றினேன். இனி யாரும் தப்ப முடியாது.

அதன் பிறகு ஒரே பெயருள்ளவர்களுக்குக் கவுண்டரில் வழியே இல்லாமல் போயிற்று. "பேரு ஏற்கெனவே இருக்கு, விசாரிச்சுச் சொல்றோம், அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பினார்கள். விசாரிக்க யாரும் இல்லை.

ஒரு நாள் மதியம் ஓர் அம்மாள் எங்கள் பிரிவுக்கே வந்துவிட்டார். சித்தாள் வேலை. எங்கள் மாவட்டத்தில் தெருவுக்கு இரண்டு பேருக்கு இருக்கிற பெயர் அவருக்கு. இனிஷியலும் சாதாரணமான ஒன்று. இரண்டு பஸ் மாறி, அது அவருக்கு நாலாவது தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போயிருக்கிறது. என் மேசைக்கு முன்னால் நின்று சொன்னார்: "ஐயா, எங்கப்பன் வச்ச பேரு இது. வேற பேரு கொண்டாங்கறாக. நான் எங்க போயி வாங்கியாறது?"

நானே உட்கார்ந்து டேட்டாபேஸில் நேரடியாக அவரைப் பதிந்தேன். ஆனால் அந்த வருடப் பிள்ளைகள் படிப்பு உதவிக்குக் கடைசித் தேதி தாண்டியிருந்தது. அந்தத் தேதிக்கு முன் உறுப்பினராகியிருந்தால்தான் தொகை. அவருடைய மகள் அப்போது பத்தாம் வகுப்பு. மேலே கேட்டுப் பார்த்தேன், விதியில் இடமில்லை என்று விட்டார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போதும் நினைப்பதுண்டு.

அன்று இரவு அலுவலகத்திலேயே உட்கார்ந்து பதிவுகளைப் புரட்டினேன். அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. இரண்டு தரம் பதிந்த ஆட்கள் உண்மையிலேயே இருந்தார்கள். ஒரே பிறந்த தேதி, ஒரே அப்பா, ஒரே ஊர். ஆனால் ஒன்றில் முருகேசனை ஆங்கிலத்தில் 'ஜி' போட்டு அடித்திருந்தார்கள், இன்னொன்றில் 'கே' போட்டு. என் காவல்காரன் இரண்டையும் சலாம் போட்டு உள்ளே விட்டிருக்கிறான். குற்றமே செய்யாத ஒரே பெயர்க்காரர்களை மட்டும் வாசலில் நிறுத்தியிருக்கிறான்.

அடுத்த மாதம் முழுவதையும் மாற்றி எழுதினேன். ஒரே பெயர் வந்தால் கர்சரைப் பிடித்து வைப்பதில்லை. அந்தப் பெயரில் ஏற்கெனவே உள்ள எல்லோரையும், அப்பா அல்லது கணவர் பெயர், ஊர், பிறந்த தேதியோடு பக்கத்தில் ஒரு பட்டியலாகக் காட்டும். கீழே இரண்டு பட்டன்கள். 'இவரேதான்', 'இவர் வேறு ஒருவர்'. பெயர் வேறாக இருந்தாலும் அப்பா பெயர், பிறந்த தேதி, ஊர் மூன்றும் ஒத்துப்போனால் அதுவும் பட்டியலில் வரும். முடிவு செய்ய வேண்டியது எதிரே ஆளைப் பார்க்கிற கிளார்க். திரும்ப வரவே கூடாது என்று கறாராகக் காப்பாற்றியது உறுப்பினர் எண்ணை மட்டும்தான். அதையும் திரையில் அல்ல, டேட்டாபேஸிலேயே வைத்தேன். இரண்டு கவுண்டர்களில் ஒரே நிமிடத்தில் பதிந்தால் திரையில் செய்யும் சோதனை இரண்டையும் விட்டுவிடும். டேட்டாபேஸ் ஒன்றைத்தான் ஏற்கும்.

2009 வாக்கில் பெயர்களைத் தமிழிலேயே யூனிகோடில் பதியச் சொன்னார்கள். ஆங்கில எழுத்துக் குழப்பம் ஒழிந்தது என்று நிம்மதி அடைந்தேன். புதுக் குழப்பம் வந்தது. கோமதி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 'கோ'வில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம். இரட்டைக்கொம்பு ஒன்று, துணைக்கால் ஒன்று என இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. 'ஈக்வல்ஸ்' மட்டும் இரண்டும் வேறு என்று சாதிக்கும். இதைச் சமன் செய்ய 'நார்மலைசர்' என்ற வசதி 2006-ல் வந்த ஜாவா 6-ல் எல்லோருக்கும் கிடைத்தது. ஒப்பிடும் முன் இரண்டையும் அதில் போட்டு எடுத்தால் சரியாகிவிடும்.

ஆனால் 'ஸ்ரீ'யை அதுவும் சமன் செய்யாது. ஸகரத்தில் தொடங்கியும் அதை எழுதலாம். 2005-ல் யூனிகோடில் சேர்த்த இன்னொரு சகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே உருவம். ஒரே ஸ்ரீதர் இரண்டு ஸ்ரீதர் ஆகிவிடுவார். அதற்கு நானே தனியாக ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. புதிய பட்டியல் முறை இருந்ததால் இதனால் யாரும் திரும்பிப் போகவில்லை. அப்பா பெயரும் பிறந்த தேதியும் காட்டிக் கொடுத்துவிட்டன.

பெயரைக் கறாராகச் சோதிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. ஸ்விங்கில் கோப்பைச் சேமிக்க 'ஜேஃபைல்சூசர்' என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதே பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் அது தானாக ஒரு வார்த்தை கேட்காது; கேட்பதை நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும். நான் சேர்க்காமல் விட்டதால் ஒரு மாதப் பட்டியலின் மேல் இன்னொரு மாதப் பட்டியல் ஏறி அழிந்தது. கோப்பின் பெயர் நாம் வைப்பது. வேறு பெயர் வை என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. மனுஷர் பெயர் அப்படியல்ல.

மேலே சொன்ன மூன்று வைத்தியங்களுக்கு இப்போது வருகிறேன். தங்களுடைய மொழிக்குப் பெயரை மாற்றினார்கள், அது அவர்கள் சொத்து. பட்டனுக்கு இனிஷியல் சேர்த்தார்கள். லிஸ்டுக்கு முகவரி கேட்டார்கள். நான் எழுதிய கட்டம் அந்தச் சித்தாள் அம்மாவிடம் முதல் வைத்தியத்தைக் கேட்டது. கேட்டிருக்க வேண்டியது மூன்றாவதை. "எந்த ஊரும்மா, யார் மகள்?" என்று நம் கிராமத்தில் யாரும் கேட்கிற கேள்விதான் அது. அதை எழுத எனக்கு ஒரு வருடமும், அந்தப் பெண் பிள்ளைக்கு வரவேண்டிய தொகையும் செலவாயின.

நேற்றிரவு பேத்திக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "தாத்தா, எங்க மேம் பேரை வாங்கக்கூடாதுன்னுதானே கேட்டிருக்காங்க?" என்றாள்.

"அவங்களுக்கு அப்படியே எழுதிக் குடும்மா, மார்க் முக்கியம்" என்றேன். "வேலைக்குப் போயி எழுதும்போது மட்டும் தாத்தா சொன்னதை நினைச்சுக்கோ."